கனடாவில் சிறு செய்திப் பத்திரிகைக்கு ஊதிய வரிச்சலுகை பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனடாவில் செய்திப் பத்திரிகையோ செய்தி இணையத்தளமோ நடத்தும் நிறுவனம், செய்தியாளர்களுக்குக் கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கை மத்திய அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். 2019 ஜனவரி 1 முதல் உள்ள சலுகை இது. கட்டவேண்டிய வரி எதுவும் இல்லாவிட்டாலும் காசோலையாக வரும் என்பதால், லாபமே பார்க்காத சிறு பத்திரிகைக்கும் பயன்படும்.

ஸ்காபரோவில் தமிழ் வார இதழ் நடத்துபவரும் ஆங்கில நாளிதழ் நடத்துபவரும் ஒரே விதிகளின்படிதான் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் தமிழ் இதழ்கள் இடறும் இடங்கள் வேறு. இந்த வழிகாட்டி அந்த இடங்களில் கூடுதலாக நிற்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். பணம் கேட்கும் படிவம் சிறிய சமாச்சாரம். கிடைக்குமா கிடைக்காதா என்பது அதற்கு ஓராண்டு முன்பே, நிறுவனம் பதிவுசெய்த விதத்திலும் சம்பளம் போட்ட விதத்திலும் பக்கங்களை நிரப்பிய விதத்திலும் முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொகை எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

தொடக்கத்தில் ஒரு ஊழியரின் சம்பளத்தில் 55,000 டொலர் வரை கணக்கில் எடுத்து, அதில் 25% கொடுத்தார்கள். அதாவது ஆளுக்கு அதிகபட்சம் 13,750 டொலர். 2024 ஜூனில் நிறைவேறிய சட்டம் இதை உயர்த்தியது. 2023 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு 85,000 டொலர், விகிதம் 35%. ஆளுக்கு அதிகபட்சம் 29,750 டொலர்.

35% என்பது நான்கு ஆண்டுகளுக்கு மட்டும். அந்தச் சட்டத்தில் வகுத்தபடி 2027 ஜனவரி 1 முதல் விகிதம் 25%க்கு இறங்குகிறது. 85,000 வரம்பு அப்படியே இருக்கிறது. 2027க்குப் பிந்திய சம்பளங்களை இன்றைய விகிதத்தில் கணக்குப்போட்டு ஆள் எடுக்காதீர்கள்.

இந்தத் தொகைக்காக அலைவது பயன் தருமா என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. முறையான சம்பளப் பட்டியலில் இரண்டு செய்தியாளர்களை வைத்திருக்க உங்களால் முடியாதென்றால் இத்துடன் நிறுத்திக்கொண்டு பகுதி 10க்குப் போங்கள். இரண்டு பேருக்குக் குறைந்து யாருக்கும் தகுதி கிடையாது.

2. தனி உரிமையாளர் பதிவிலிருந்து வெளியே வாருங்கள்

தகுதி பெறக்கூடியவை கூட்டுத்தாபனம், பங்காளி நிறுவனம், அறக்கட்டளை ஆகிய மூன்றுதான். ஒருவர் தன் பெயரில் வணிகப் பெயரைப் பதிந்து, வருமானத்தைத் தன் தனிப்பட்ட வரிப்படிவத்தில் காட்டி நடத்தும் பத்திரிகை, எத்தனை ஆண்டு பழமையானதென்றாலும் சேராது. சமூகப் பத்திரிகைகளில் கணிசமானவை இப்படித்தான் தொடங்கியவை.

கூட்டுத்தாபனமாகப் பதிய மத்திய அரசில் இணையவழிக் கட்டணம் 200 டொலர், ஒன்ராறியோவில் 300 டொலர். பத்திரிகைப் பெயர், கணினி, சந்தாப் பட்டியல், வரவேண்டிய விளம்பரக் காசு எல்லாவற்றையும் புதிய நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது வரி விழாமல் இருக்க டி2057 படிவத்தில் இருதரப்பும் சேர்ந்து கையெழுத்திடும் வழி இருக்கிறது. இந்த ஒரு வேலைக்குக் கணக்காளர் கட்டாயம் வேண்டும்.

வானொலியும் பத்திரிகையும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தால் அங்கேயும் சிக்கல். ஒலி, ஒளிபரப்பு நடத்தும் நிறுவனத்துக்கு ஊதியச் சலுகை இல்லை. பத்திரிகையைத் தனி நிறுவனமாகப் பிரித்து, ஊழியர்களின் சம்பளக் கணக்கையும் அதற்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் பிரித்துவிட்டுச் சம்பளத்தை வானொலி நிறுவனத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் பிரித்ததில் பயனில்லை.

3. இயக்குநர்கள், பங்குகள்: குடியுரிமைக் கணக்கு

தலைவரும், இயக்குநர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினரும் கனடியக் குடியுரிமை பெற்றவர்களாக இருக்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை போதாது. இருபது ஆண்டுகளாக இங்கே இருந்து, வரி கட்டி, இன்னும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கில் வெளியாள்தான்.

75% என்பதை ஆள் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒருவர் மட்டும் இயக்குநர் என்றால் அவர் குடிமகனாக இருக்க வேண்டும். மூன்று பேரில் இருவர் குடிமக்கள் என்றால் 67% தான், தேறாது, மூவருமே வேண்டும். நான்கு பேரில் மூவர் போதும்.

ஊதியச் சலுகைக்குப் பங்குகளிலும் இதே நிபந்தனை வருகிறது. தனியார் நிறுவனத்தில் முழு வாக்குரிமையுள்ள பங்குகளில் நான்கில் மூன்று பங்கும், எல்லாப் பங்குகளின் சந்தை மதிப்பில் நான்கில் மூன்று பங்கும் கனடியக் குடிமக்களின் கையில் இருக்க வேண்டும். வாக்குக்கும் மதிப்புக்கும் தனித்தனியே பார்ப்பார்கள். வாக்கில்லாத பங்குகளை வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு நிறையக் கொடுத்திருந்தால் இரண்டாவது சோதனையில் விழுந்துவிடுவீர்கள்.

நிறுவன வரிப்படிவத்துடன் போகும் அட்டவணை 50இல், 10 விழுக்காடும் அதற்கு மேலும் பங்கு வைத்திருப்பவர்களின் பெயர் இருக்கும். விண்ணப்பத்தில் எழுதுவது அதனோடு ஒத்துப்போக வேண்டும். பங்கு மாற்றியதை நிறுவனப் பதிவேட்டில் எழுதாமல் வாய்ப்பேச்சில் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

4. இரண்டு செய்தியாளர்கள், முறையான சம்பளம்

நிறுவனம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட செய்தியாளர்களைத் தொடர்ந்து வேலைக்கு வைத்திருக்க வேண்டும். அந்த இருவரும் நிறுவனத்துடன் சொந்தபந்தத் தொடர்பு இல்லாதவர்களாக இருக்க வேண்டும். கணவர் ஆசிரியர், மனைவி பக்க வடிவமைப்பு, மகன் இணையத்தளம் என்று ஓடும் பத்திரிகையில் மூவர் உழைத்தாலும் இந்த எண்ணிக்கை பூச்சியம்.

வருமான வரிச் சட்டத்தில் உறவு என்பது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், துணைவர், துணைவரின் உடன்பிறந்தோர் போன்றோர். எனவே மனைவியின் தம்பியும் உறவுதான், அந்த இருவர் கணக்கில் வரமாட்டார். பெரியப்பா மகன், மாமன் மகள் போன்றவர்கள் சட்டத்தின் உறவுப் பட்டியலில் இல்லை. ஆனால் அவர்கள் உங்கள் சொற்படி பெயருக்கு மட்டும் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதுவும் அடிபடும். வெளியாளாக இருவரை எடுப்பதே தலைவலி இல்லாத வழி.

அடுத்தது, அவர்கள் ஊழியர்களாக இருக்க வேண்டும். கட்டுரைக்கு இவ்வளவு என்று காசோலை கொடுத்து ஆண்டு முடிவில் டி4ஏ என்ற கொடுப்பனவுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைப் பெறுபவர் ஒப்பந்தக்காரர். அவர் எண்ணிக்கையிலும் வரமாட்டார், அவருக்குக் கொடுத்த பணம் சலுகைக் கணக்கிலும் வராது. கைப்பணம் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஊழியராக்குவதற்குச் செய்ய வேண்டியவை:

• வணிக எண்ணின் கீழ் சம்பளக் கணக்கு திறக்க வேண்டும். அந்தக் கணக்கு எண்ணில் ஆர்பி என்ற எழுத்துகள் வரும்.
• ஒவ்வொரு சம்பளத்திலும் ஓய்வூதியப் பங்கு, வேலைக் காப்பீடு, வருமான வரி பிடித்து, வழக்கமாக அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.
• பிப்ரவரி இறுதிக்குள் டி4 என்ற ஆண்டுச் சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும்.
• வேலை விவரம், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், சம்பளம் ஆகியவற்றை எழுதிய நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஆதாரமாக முதலில் எடுக்கப்போகும் தாள் இதுதான்.

ஒருவர் ஊழியரா ஒப்பந்தக்காரரா என்று குழப்பம் இருந்தால், சிபிடி1 படிவத்தில் கனடா வருவாய் முகமையிடமே, அதாவது எல்லாரும் சொல்கிற சிஆர்ஏயிடமே, முடிவு கேட்கலாம். முன்கூட்டிக் கேட்டுவிட்டால் பின்னால் வரும் தணிக்கையில் வாக்குவாதம் இல்லை.

5. பக்கங்களை அளந்து பாருங்கள்

பெரும்பாலான சமூகப் பத்திரிகைகள் வீழ்வது இங்கே. சட்டம் கேட்பது சொந்தமாக உண்டாக்கிய செய்தி. பொது நலன் சார்ந்த விடயங்களும் நடப்புச் செய்திகளும் அதில் முதன்மையாக இருக்க வேண்டும். ஜனநாயக நிறுவனங்கள் பற்றிய செய்தியும் வேண்டும். விளையாட்டு, கலை, பொழுதுபோக்கு, வாழ்க்கைமுறை, ஒரு குறிப்பிட்ட தொழில் என்று ஒரே துறையை மையமாக வைத்த இதழுக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்துச் செய்தித்தளத்திலிருந்து எடுத்துப் போட்டது, சென்னைப் பத்திரிகையில் வந்ததைச் சுருக்கியது, ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்தது ஆகிய எதுவும் சொந்தச் செய்தி ஆகாது. மொழிபெயர்ப்பில் எவ்வளவு உழைப்பு இருந்தாலும் சரி. செய்தியாளர் நேரில் போய், ஆட்களிடம் பேசி, ஆவணம் பார்த்து, சரிபார்த்து எழுதியதைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

விண்ணப்பிக்கும் முன் இந்த அளவீட்டைச் செய்யுங்கள். அடுத்தடுத்து வந்த நான்கு இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிறப்பு மலரையும் பொங்கல் இதழையும் தவிர்த்துவிடுங்கள். அவை உங்கள் வழக்கமான முகம் அல்ல. ஒவ்வொரு ஆக்கத்தையும் வண்ணப் பேனாவால் குறியுங்கள்:

• பச்சை: உங்கள் செய்தியாளர் தாமே சேகரித்தது
• மஞ்சள்: கருத்துப் பத்தி, தலையங்கம்
• சிவப்பு: மறுபிரசுரம், மொழிபெயர்ப்பு, செய்தி நிறுவனங்களின் செய்தி
• நீலம்: சினிமா, ராசிபலன், சமையல், கவிதை
• கறுப்பு: காசு வாங்கிப் போட்ட கட்டுரை, நிறுவனங்களின் அறிக்கையை அப்படியே போட்டது, சங்க நிகழ்ச்சிப் படங்கள்

பத்தியின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து கூட்டுங்கள். விளம்பரங்களை மொத்தத்திலிருந்து கழித்துவிடுங்கள். மிஞ்சிய பரப்பில் பச்சை பாதியைக்கூடத் தாண்டவில்லையென்றால் இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். முதன்முறை அளப்பவர்களுக்குச் சிவப்பின் நீளம் அதிர்ச்சியாக இருக்கும்.

பச்சையைக் கூட்ட ஒட்டாவாவுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ரொறன்ரோ மாநகர சபைக் கூட்டங்களும் குழுக் கூட்டங்களும் இணையத்தில் நேரலையாக வருகின்றன. நிகழ்ச்சி நிரலும் வாக்கெடுப்பு விவரமும் பொதுவில் கிடைக்கும். கல்விச் சபைக் கூட்டத்துக்குப் போகலாம். 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு ஸ்காபரோ ஆர்டி ரயில் நின்றுபோனது. கென்னடி நிலையத்தில் மாற்றுப் பேருந்துக்குக் காத்திருந்த ஐந்து பேரிடம் பேசி, போக்குவரத்து ஆணையத்திடம் பதில் கேட்டு எழுதிய அரைப்பக்கச் செய்தி, முழுப்பச்சை. அதே நாளில் ஆங்கிலத் தளம் ஒன்று எழுதியதைத் தமிழாக்கியது முழுச்சிவப்பு.

கறுப்பைக் குறைப்பது இன்னும் அவசரம். ஓர் அமைப்பின் செயல்பாட்டையோ அதன் உறுப்பினர்களையோ முன்னிறுத்துவது, பொருள்களையும் சேவைகளையும் விளம்பரப்படுத்துவது, அரசுக்காக எழுதுவது ஆகியவை குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் அதுவே தகுதியைப் பறிக்கும். நடுப்பக்கம் இரண்டையும் ஊர்ச்சங்க விழாப் படங்களுக்கு நிரந்தரமாகக் கொடுத்திருக்கும் இதழ்கள் யோசிக்க வேண்டும். வீட்டு முகவர் எழுதும் ‘கட்டுரை’க்கு மேலே விளம்பரம் என்று அச்சிடுங்கள், அப்போது அது செய்திப் பரப்பிலேயே சேராது.

அளந்த பிறகு, திருத்திய அமைப்பில் குறைந்தது ஆறு மாதமாவது இதழை நடத்துங்கள். சட்டம் சொல்லும் காலக்கெடு அல்ல இது. விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் மட்டும் திருந்திய இதழ், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகச் சொல்வது.

6. நெறிமுறைகளை எழுதி வெளியிடுங்கள்

விண்ணப்பத்தைப் பார்க்கும் சுயாதீன ஆலோசனைக் குழு நான்கு பழக்கங்களைத் தேடுகிறது: வெளியிடும் முன் சரிபார்ப்பது, குறைசொல்லப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து மாற்றுப் பார்வையையும் தருவது, தகவல் தந்தவரைப் பற்றி நேர்மையாகச் சொல்வது, தவறைத் திருத்துவது.

‘எங்களிடம் இவை எல்லாம் உண்டு’ என்று சொல்வது போதாது. ஒரு பக்க நெறிமுறை எழுதி இணையத்தளத்தில் போடுங்கள். இதழில் திருத்தங்களுக்கென்று ஒரு நிலையான மூலை ஒதுக்குங்கள். திருத்தமே போடாத பத்திரிகை தவறே செய்யாத பத்திரிகை என்று யாரும் நம்பப்போவதில்லை.

செய்திக்கு மேல் எழுதியவர் பெயர் போடுங்கள். ‘நமது நிருபர்’ என்று பத்து செய்திக்குப் போட்டால், சம்பளப் பட்டியலில் உள்ள இருவர்தான் அவற்றை எழுதினார்கள் என்பதற்குச் சான்றே இல்லாமல் போகும்.

7. தகுதிக்கு விண்ணப்பியுங்கள்: டி622

‘தகுதிபெற்ற கனடிய இதழியல் அமைப்பு’ என்ற அங்கீகாரத்தை டி622 படிவத்தில் சிஆர்ஏயிடம் கேட்க வேண்டும். எழுத்துச் சுருக்கத்தில் எல்லாரும் கியூசிஜேஓ என்பார்கள். ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும், முடிவு சிஆர்ஏயுடையது. இந்த அங்கீகாரம் இல்லாமல் சலுகைப் படிவத்தை நிரப்புவது வீண்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நிறுவனப் பதிவுச் சான்று, இயக்குநர் பட்டியலும் குடியுரிமைச் சான்றுகளும், பங்குப் பதிவேடு, செய்தியாளர் இருவரின் நியமனக் கடிதம், டி4 அல்லது சம்பளச் சீட்டுகள், சமீபத்திய இதழ்கள், நெறிமுறைப் பக்கம்.

தமிழ் இதழை அப்படியே அனுப்பிவிட்டு அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். ஒவ்வொரு பச்சைச் செய்திக்கும் மூன்று வரியில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சுருக்கம் எழுதி இணையுங்கள்: எதைப் பற்றியது, எழுதியவர் யார், யாரிடம் பேசினார், எந்தக் கூட்டத்துக்குப் போனார். பகுதி 5இல் போட்ட வண்ணக் கணக்கையும் ஓர் அட்டவணையாக வையுங்கள். பார்ப்பவருக்கு வேலை குறைந்தால் உங்களுக்கு வரும் கேள்விக் கடிதமும் குறையும்.

அங்கீகாரக் கடிதம் வந்ததும் அதில் உள்ள அமலுக்கு வரும் தேதியை முதலில் பாருங்கள். அதற்கு முந்திய நாட்களுக்கான சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. பிறகு இயக்குநர் மாறினாலும் செய்தியாளர் விலகி எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்தாலும் தகுதி ஆட்டம் காணும். காலியிடத்தை இழுத்தடிக்காமல் நிரப்புங்கள்.

8. எந்த ஊழியருக்குக் கேட்கலாம்

நிறுவனம் தகுதிபெற்றுவிட்டால் அங்குள்ள எல்லாருடைய சம்பளமும் சேராது. ஒவ்வொரு ஊழியரும் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

வேலை செய்த காலம் முழுதும் சராசரியாக வாரத்துக்கு 26 மணிநேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். 20 மணிநேரக்காரர் இருவரைக் கூட்டி ஒருவராக்க முடியாது. ஒரே செலவில் ஆள் எடுப்பதானால் பகுதிநேரம் இருவருக்குப் பதில் 30 மணிநேரக்காரர் ஒருவரை எடுப்பதுதான் இந்தக் கணக்கில் லாபம்.

வரியாண்டின் ஏதாவது ஒரு கட்டத்தில், தொடர்ச்சியாக 40 வார வேலை நிறைவாகியிருக்க வேண்டும், அல்லது நிறைவாகும் என்று நியாயமாக எதிர்பார்க்கும்படி இருக்க வேண்டும். இந்த 40 வாரம் முந்திய ஆண்டில் தொடங்கியிருக்கலாம். கோடைக்கு மட்டும் வரும் மாணவர் வரமாட்டார். ஒருவரை 38 வாரத்தில் நிறுத்திவிட்டுப் பின்னர் திரும்ப எடுத்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

நேரத்தில் 75 விழுக்காடாவது எழுத்து வடிவச் செய்தியை உண்டாக்குவதில் போயிருக்க வேண்டும். தகவல் திரட்டுவது, சரிபார்ப்பது, படம் எடுப்பது, எழுதுவது, திருத்துவது, செய்திப் பக்கம் வடிவமைப்பது எல்லாம் சேரும். விளம்பரம் பிடிப்பது, விளம்பரம் வடிவமைப்பது, இதழைக் கடைகடையாகப் போடுவது, பணம் வசூலிப்பது சேராது. வாரம் 30 மணிநேரக்காரருக்கு 22.5 மணிநேரம் செய்தியில் இருக்க வேண்டும்.

சிறு பத்திரிகையில் வெள்ளிக்கிழமை முழுவதும் வேன் வண்டியில் இதழ்க்கட்டுகளை ஏற்றி இறக்குவதும் செய்தியாளர்தான். அந்த எட்டு மணிநேரம் 30இல் 27 விழுக்காட்டைத் தின்றுவிடும். ஆள் தகுதி இழந்தார். இதழ் போடும் வேலைக்குத் தனியாக ஒருவருக்குச் சில நூறு டொலர் கொடுப்பதால் பல ஆயிரம் டொலர் காப்பாற்றப்படுகிறது.

நேரப் பதிவை வாராவாரம் எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். தேதி, மணிநேரம், செய்த வேலை என்று மூன்று பத்தி போதும். ஆண்டு முடிவில் ஒரே பேனாவால் 52 வாரமும் நிரப்பியது தணிக்கையில் நிற்காது. பதிவுகளை வரியாண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

9. கணக்கிட்டு டி2உடன் கேளுங்கள்

ஒவ்வொரு ஊழியருக்கும் சம்பளத்திலிருந்து அதற்கென வந்த அரச உதவியைக் கழிக்க வேண்டும். உள்ளூர் இதழியல் முன்னெடுப்பு என்ற மத்திய அரசின் மானியத்தில் சம்பளம் வாங்கும் செய்தியாளர்கள் இங்கே முக்கியம்: ஒரே சம்பளத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது. ஓர் உதாரணம், முழு ஆண்டுக்கு, 35% விகிதத்தில்:

• முதல் ஊழியர்: சம்பளம் 52,000, உதவி இல்லை. சலுகை 18,200 டொலர்.
• இரண்டாமவர்: சம்பளம் 50,000, அதில் மானியம் 40,000. மீதி 10,000க்கு 3,500 டொலர்.
• மூன்றாமவர்: சம்பளம் 92,000. 85,000 வரைதான், 29,750 டொலர்.

மொத்தம் 51,450 டொலர். கனடா பருவ இதழ் நிதியின் வெளியீட்டாளர் உதவிப் பிரிவிலிருந்து அந்த ஆண்டில் 12,000 டொலர் வாங்கியிருந்தால் அது சம்பளத்திலிருந்து அல்ல, சலுகைத் தொகையிலிருந்தே நேராகக் கழியும்: 39,450 டொலர். மானியம் எந்த இடத்தில் கழிகிறது என்பதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. முதல்வகையில் ஒரு டொலர் மானியம் 35 சதம் சலுகையைக் குறைக்கிறது. இரண்டாம் வகையில் முழு டொலரையே குறைக்கிறது.

இந்தக் கணக்கு நிறுவன வரிப்படிவமான டி2இன் அட்டவணை 58இல் போகிறது. டி2 கெடு வரியாண்டு முடிந்து ஆறு மாதம். அங்கீகாரக் கடிதம் இன்னும் வரவில்லையே என்று டி2ஐத் தள்ளிப்போடாதீர்கள். நேரத்துக்குத் தாக்கல் செய்துவிட்டு, கடிதம் வந்ததும் திருத்தக் கோரிக்கையாக அட்டவணை 58ஐ அனுப்புங்கள். வரியாண்டு முடிந்து மூன்று ஆண்டுக்குள் டி2 தாக்கலாகவில்லையென்றால் திரும்பவேண்டிய பணம் போய்விடும்.

வந்த பணம் அரச உதவியாகக் கருதப்பட்டு வருமானத்தில் சேரும். 39,450 டொலரையும் செலவழித்துவிட்டு அதற்கான வரிக்குக் கடன் வாங்கியவர்கள் உண்டு. சிறு கனடியத் தனியார் நிறுவனத்துக்கு முதல் 5 லட்சம் டொலர் வணிக வருமானம் வரை மத்திய வரி விகிதம் 9% தான். மேலே மாகாண வரி. அந்த அளவை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.

10. விளம்பரம் கொடுக்கும் கடைக்காரருக்கு

இந்தப் பகுதி பத்திரிகைக்காரர் மட்டுமல்ல, புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, வீட்டுமுகவர் அலுவலகம் நடத்துபவரும் படிக்க வேண்டியது. வருமான வரிச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, கனடாச் சந்தையை முதன்மையாகக் குறிவைத்த விளம்பரத்தைக் கனடியப் பத்திரிகை அல்லாத ஒன்றில் போட்டால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. கனடியப் பத்திரிகையில் போட்டால் முழுதாகக் கழிக்கலாம். கனடியப் பத்திரிகை எது என்பதற்குப் பகுதி 3இல் பார்த்த அதே நான்கில் மூன்று குடியுரிமைச் சோதனைதான்.

ஆகவே பத்திரிகை நடத்துபவர் அந்தச் சோதனையைத் தாண்டியிருப்பதாக விளம்பர விலைப்பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. கடைக்காரரின் கணக்காளர் கேட்கும் முதல் கேள்விக்கு அது விடை. வெளிநாட்டு இணையத் தளங்களில் போடும் விளம்பரத்துக்கு இந்தத் தடை கிடையாது. அங்கேயும் தடை உண்டு என்று சொல்லிக் கடைக்காரரைப் பயமுறுத்தி விளம்பரம் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சஞ்சிகைகளுக்குக் கணக்கு வேறு: ஆசிரியப் பகுதியில் 80 விழுக்காடு சொந்த உள்ளடக்கம் இருந்தால் முழுக்கழிவு, இல்லாவிட்டால் பாதி.

விலைப்பட்டியல் 100 டொலரை எட்டினால் பத்திரிகையின் எச்எஸ்டி, அதாவது விற்பனை வரி எண்ணும், 500ஐ எட்டினால் வாங்குபவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் தாம் கட்டிய எச்எஸ்டியைத் திரும்பக் கேட்கும்போது மறுப்பு வரும். கால்பக்க விளம்பரத்துக்குப் பதிலாக ஆண்டுவிழாச் சாப்பாடு என்று பண்டமாற்றுச் செய்தாலும் இருபக்கமும் சந்தை மதிப்பில் வருமானமும் வரியும் காட்ட வேண்டும். விலைப்பட்டியல் இரண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காசுக்கு இதழ் விற்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒன்ராறியோவில் அச்சுச் செய்திப் பத்திரிகையின் விற்பனைக்கு மாகாணத்தின் 8% விற்குமிடத்திலேயே தள்ளுபடி, 13 அல்ல, 5 விழுக்காடுதான் வாங்க வேண்டும். சஞ்சிகைக்கு இது இல்லை. விளம்பரத்துக்கும் இல்லை.

11. வாசகர் பணம்: சந்தா, நன்கொடை

டிஜிட்டல் செய்திச் சந்தாவுக்கு வாசகருக்கு இருந்த 15% சலுகை, ஆண்டுக்கு 500 டொலர் வரை, 2020 முதல் 2024 வரை கட்டியவற்றுக்கு மட்டுமே. முடிந்துவிட்டது. இணையத்தளத்தில் இன்னும் அந்த அறிவிப்பை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஆண்டுகளுக்குக் கேட்க மறந்த வாசகர், தனிப்பட்ட வரிப்படிவத்தின் 31350ஆம் வரியைத் திருத்தி இப்போதும் கேட்கலாம். பத்தாண்டு வரை திருத்த இடமுண்டு. அதிகபட்சம் 75 டொலர்தான்.

நன்கொடைக்கு வரி ரசீது கொடுக்க விரும்பினால் ‘பதிவுபெற்ற இதழியல் அமைப்பு’ என்ற வேறொரு தகுதி வேண்டும். முதலில் கியூசிஜேஓ ஆகியிருக்க வேண்டும். அதோடு லாபத்தை யாருக்கும் பங்கிடக் கூடாது, இயக்குநர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும், ஒரே இடத்திலிருந்து வரும் நன்கொடை வழக்கமாக மொத்த வருவாயில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5,000 டொலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரை வெளியிட வேண்டும்.

குடும்பம் நடத்தும் பத்திரிகைக்கு இது ஒத்துவராது. பிழைப்புக்காக நடத்துகிறீர்கள் என்றால் ஊதியச் சலுகையோடு நின்றுகொள்ளுங்கள். சமூகத்தின் சொத்தாக ஒப்படைக்கத் தயார் என்றால் மட்டும் இந்தக் கதவைத் தட்டுங்கள். அப்போதும் கியூசிஜேஓ அங்கீகாரம் கையில் வந்து, ஒரு வரியாண்டுக்கான அட்டவணை 58 தேறிய பிறகு தொடங்குவதே சரியான வரிசை.